எண்ணோடு ஒரு சொல்

சிரியஸ் விண்மீன் எங்கே இருக்கிறது என்று ஒரு தரவுத்தளத்தைக் கேட்கிறோம். 6.7525, -16.716 என்று பதில் வருகிறது. இரண்டாவது எண் பாகையில் இருக்கிறது. முதல் எண்ணை வானியலர் மணிக்கணக்கிலும் எழுதுவார்கள், பாகையிலும் எழுதுவார்கள். ஒரு மணி என்றால் 15 பாகை. இங்கே வந்திருப்பது மணி என்று தெரிந்தவர் 15-ஆல் பெருக்கி சிரியஸைப் பிடித்துவிடுவார். பாகை என்று நினைத்தவரின் தொலைநோக்கி வெகுதூரம் தள்ளி, சீட்டஸ் விண்மீன் குழுவில் போய் நிற்கும். இரண்டு எண்ணுமே சரியானவைதான். கூட வரவேண்டிய ஒரு சொல்தான் வரவில்லை.

அந்தச் சொல்லையும் சேர்த்து அனுப்பவே விஓடேபிள் பிறந்தது. வினவலின் விடையையும் அந்த விடையைப் பற்றிய விவரத்தையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் வைக்கும் வடிவம் அது.

கதையின் தொடக்கம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில். அங்குள்ள வானியல் தரவு மையம் 1996-இல் விசியர் என்ற சேவையைத் தொடங்கியது. உலகெங்கும் ஆய்வாளர்கள் வெளியிட்ட விண்மீன் பட்டியல்களை அங்கே ஒரே இடத்தில் வினவலாம். ஆனால் ஒவ்வொரு பட்டியலிலும் நெடுவரிசைகளுக்கு அதன் ஆசிரியர் வைத்ததே பெயர். ‘வி’ என்ற தலைப்பின்கீழ் ஒருவர் திசைவேகத்தைத் தந்திருப்பார், இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அளந்த பொலிவைத் தந்திருப்பார். மனிதர் குறிப்பைப் படித்துத் தெளிவார். நிரலால் அது ஆகாது. எனவே நெடுவரிசைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒரே பொருள் தருபவற்றுக்கு ஒரே குறியீட்டைக் கொடுத்தார்கள். யூசிடி என்று அதற்குப் பெயர். பட்டியல் பட்டியலாக உட்கார்ந்து பார்த்த அந்தப் பொறுமைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் என்பேன்.

வானியலரிடம் ஃபிட்ஸ் என்ற வடிவம் முன்பே இருந்தது. 1981-இல் வெளியான அது காந்த நாடாக் காலத்துப் பிள்ளை: விவரங்கள் 80 எழுத்து வரிகளில், கோப்பு 2880 பைட் துண்டுகளில். தொலைநோக்கிப் படங்களைச் சுமந்து இன்றும் உழைக்கிறது. ஆனால் மொத்தம் எத்தனை வரிசை என்பதை அதன் முகப்பிலேயே எழுதியாக வேண்டும். வினவலுக்கு விடை தேடும் தரவுத்தளத்துக்கோ, கடைசி வரிசை கிடைத்த பிறகுதான் கணக்கு தெரியும். எல்லாவற்றையும் திரட்டி எண்ணி முடிக்கும்வரை கேட்டவர் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தகவலையும் இருபுறமும் பெயர்க்குறி இட்டு எழுதும் எக்ஸ்எம்எல், 1998 பிப்ரவரியில் தரமாக வந்தது. மறு ஆண்டே ஸ்ட்ராஸ்பூர்க்காரர்கள் அதைக்கொண்டு ஆஸ்ட்ரோரெஸ் என்ற அட்டவணை வடிவத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தின்மேல் அமெரிக்காவின் கால்டெக்கைச் சேர்ந்த ராய் வில்லியம்ஸ், ஸ்ட்ராஸ்பூரின் ஃபிரான்சுவா ஓக்சன்பைன் முதலானோர் எழுதிய விஓடேபிள் 1.0, 2002 ஏப்ரல் 15 அன்று வெளிவந்தது. அதன் முற்பகுதியில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், அலகு, தரவு வகை, யூசிடி. அதன்பின் வரிசைகள்; அவற்றின் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்லாமலே ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

ஒரு சின்ன எண்ணுக்கு இருபுறமும் இத்தனை குறிகளா, கோப்பு ஊதிவிடாதா என்ற கவலை நியாயமானது. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். விவரத்தை மட்டும் எக்ஸ்எம்எல்லில் எழுதிவிட்டு, எண்களை இரும வடிவில் திணிக்கலாம், அல்லது வேறோர் இடத்திலுள்ள ஃபிட்ஸ் கோப்பைச் சுட்டலாம். பழையதைத் தூக்கி எறியாமல் உள்ளே சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. புனேயில் ஐயூகா வானியல் ஆய்வு நிறுவனமும் பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து, விஓடேபிள் கோப்புகளைப் படித்து வரைபடம் போடும் விஓபிளாட் என்ற மென்பொருளை உருவாக்கின.

அளக்காத இடத்தை என்ன செய்வது என்பது நெடுநாள் தொல்லை. -99 என்று நிரப்பினால் அதையும் அளவென்று நம்பி யாராவது சராசரி எடுத்துவிடுவார்கள். 2013-இன் 1.3 பதிப்பு புதிய இரும வடிவம் ஒன்றைத் தந்தது. அதில் ஒவ்வொரு வரிசைக்கு முன்னும், எந்தெந்தக் கட்டம் காலி என்று கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் சொல்லப்படுகிறது.

அதற்கு முன்பே, 2009-இன் 1.2 பதிப்பில், அட்டவணை முடிந்தபிறகும் ஒரு தகவல் வரி எழுத இடம் கொடுத்திருந்தார்கள். வரம்பைத் தாண்டியதால் விடை பாதியில் வெட்டுப்பட்டது என்றால், அது கடைசி வரிசையை அனுப்பும்போதுதானே சேவையகத்துக்கே தெரியவரும்? அந்தச் செய்தி இப்போது அட்டவணைக்குக் கீழேயே வந்துவிடுகிறது. கையில் இருப்பது முழு விடை இல்லை என்று கேட்டவருக்குத் தெரிகிறது.