முன்பணமும் விடுவிப்புச் சான்றும்: செங்கல் சூளைக் கொத்தடிமை முறையை ஆட்கடத்தலாகக் காண்பதன் தேவை

ஆட்கடத்தல் என்றதும் பூட்டிய அறையையும் வண்டியில் அடைத்துச் செல்வதையும்தான் பலரும் தேடுகிறார்கள். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு வரும் குடும்பங்களிடம் அந்த அடையாளங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. நுவாகாய் பண்டிகையை ஒட்டிக் கையில் காசில்லாத நேரத்தில் தரகர் முன்பணம் தருகிறார். குடும்பம் ரயிலேறி வந்துவிடுகிறது. சூளையில் கூலி நாட்கணக்கில் இல்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. நோட்டு மேஸ்திரியிடம் இருக்கும். அரிசி பருப்புக்கு வாரச் செலவுக்காசு கிடைக்கும். மீதிக்கூலி பருவ முடிவில் முன்பணத்தில் கழியும். மண் குழைக்கும் மனைவிக்கும், பச்சைக்கல்லைத் திருப்பிப்போடும் பிள்ளைக்கும் அந்த நோட்டில் பெயரே இருக்காது. கதவு திறந்திருந்தாலும் கணக்கு முடியாமல் கிளம்ப முடியாது. இந்தக் கடன்தான் கடத்தலின் கருவி. அதை அறுக்காமல் ஆட்களை மட்டும் ஊருக்கு அனுப்புவது மீட்பாகாது என்பதே என் வாதம்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது, ஆனால் சுற்றுவழியில். ஆட்கடத்தல் பற்றி இந்தியா 2011இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறை, ஒருவரின் இக்கட்டான நிலையைப் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதையும் கடத்தலின் வழிமுறையாகக் கொள்கிறது. நீதிபதி வர்மா குழு அறிக்கைக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் ஆட்கடத்தல் வரையறையில் ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் இருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவில் அது விடுபட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவிலும் அது திரும்பவில்லை. எனினும் ‘அடிமை முறைக்கு ஒப்பான நடைமுறைகள்’ என்ற தொடர் அங்கே உண்டு. கடன் அடிமைத்தனம் அத்தகைய நடைமுறையே என்று ஐ.நா.வின் 1956ஆம் ஆண்டுத் துணை உடன்படிக்கை வரையறுத்திருக்கிறது. ஆகவே சூளை வழக்கைத் தொழிலாளர் துறையின் கூலித் தகராறாகச் சுருக்குவதற்குச் சட்டம் காரணமாகாது.

அவர்கள் மனமுவந்துதானே முன்பணம் வாங்கினார்கள் என்பது வலுவான மறுப்பு. முன்பணம் தருவதெல்லாம் கொத்தடிமை முறை அல்ல என்பதும் உண்மைதான். ஆனால் வாங்கும்போது இருந்த சம்மதத்தை மட்டும் பார்த்தால் போதாது. வேறு இடத்தில் வேலை தேடவும், நினைத்த இடத்துக்குப் போகவும், உழைப்பைச் சந்தைக் கூலிக்கு விற்கவும் முடிகிறதா என்றே 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்கிறது. கடனுக்கு ஈடாக இவற்றில் ஒன்றை இழந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் பணியாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பசியின் நெருக்குதலும் கட்டாயம்தான் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர்மீதே சுமத்துகிறது. இவ்வளவும் இருக்க, உன்னை யாராவது அடைத்துவைத்தார்களா என்று முதலாளி அருகில் நிற்கத் தொழிலாளியைக் கேட்பது விசாரணையே ஆகாது.

மறுவாழ்வு உதவிகளுக்கு வாசல் விடுவிப்புச் சான்று. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துத் தரும் அந்த ஒற்றைத் தாள், கடன் சட்டப்படி செல்லாது என்பதை உறுதிசெய்கிறது. மத்திய மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முழு உதவி வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம். இலவச வழக்கறிஞருக்கு 15100, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய எண்களும் உள்ளன. சிக்கல், முழுத்தொகையை நீதிமன்ற நடவடிக்கையின் முடிவோடு பிணைத்திருப்பதில்தான். பொதுப்பணம் போலிகளுக்குப் போய்விடக்கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சோதனையைச் சான்று தருமுன் நடக்கும் விசாரணையே செய்துவிடுகிறது. குற்ற வழக்கு தீர்மானிப்பது முதலாளியின் குற்றத்தை. குடும்பம் அடிமைப்பட்டிருந்ததா என்பது வேறு கேள்வி. வழக்கு இங்கே இழுபட, பலாங்கீரில் அடுத்த நுவாகாய்க்குத் தரகர் மறுபடி வாசலில் நிற்பார். எனவே விசாரணை சூளைக்கு வெளியே, ஒடியா மொழிபெயர்ப்பாளருடன் நடக்க வேண்டும். நோட்டில் பெயரில்லாத மனைவிக்கும் தனிச்சான்று வேண்டும். வங்கிக் கணக்கு விவரத்தோடு கோப்பு அடுத்த முன்பணப் பருவத்துக்கு முன்பே பலாங்கீர் ஆட்சியரின் மேசைக்குப் போய்ச்சேர வேண்டும்.