ஐம்பது ரூபாய் சம்பளமும் லேபர் கேம்ப்பும்

ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர் கதையாகவும் இருக்கலாம். 500 வார்த்தை. "தாத்தா பம்பாய் வந்த கதையைச் சொல்லுப்பா" என்றாள். சொன்னேன். 1972-ல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தார், மாட்டுங்காவில் இருந்தோம், கஷ்டப்பட்டு முன்னேறினோம், வாஷியில் வீடு வாங்கினோம். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இது யாரோட தாத்தாவுக்கும் பொருந்தும்பா."

சுருக்கென்றது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்குக் கட்டுரை சொல்லித்தரத் தெரியுமா? ஆனால் தன் கதையைத் தானே எழுதுவது தமிழனுக்குப் புதிதல்ல. அதைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, கவர்னர் யாரைத் திட்டினார், ஊரில் என்ன வதந்தி, எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழிலேயே. கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய என் மாதிரி ஆளுக்கு அதில் ஒரு தனி ருசி உண்டு. ஆனால் நாட்குறிப்பு அன்றன்றைய வரவு செலவு மாதிரி. இருபது முப்பது வருஷம் கழித்து உட்கார்ந்து ஐந்தொகை போடுவது வேறு வேலை. பாரதியும் வ.உ.சி.யும் அதைச் செய்தார்கள், ஆனால் செய்யுளில். (பிரான்ஸில் மோன்தேன் என்பவர் தன்னையே விஷயமாக வைத்து 1580-ல் வெளியிட்ட உரைநடைக்கு 'முயற்சிகள்' என்றுதான் பெயர் வைத்தார். அடக்கமான மனுஷர்!)

உரைநடையில் என்றால் எனக்கு உ.வே.சாமிநாதையர்தான். 1855-ல் பிறந்தவர், 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரை ஆரம்பித்தார். எண்பத்தைந்தை நெருங்கும் வயது. மகாமகோபாத்தியாயர், தமிழ்த் தாத்தா, எல்லாப் பட்டமும் வந்துவிட்டது. எப்படி ஆரம்பிக்கிறார் தெரியுமா? ஏகாதசி என்பதை மறந்து வெற்றிலை போட்டுக்கொண்ட ஒரு தஞ்சாவூர் ராஜா, அதற்குப் பரிகாரமாக ஓர் அக்கிரகாரம் உண்டாக்கித் தானம் பண்ணினாராம். அதுதான் இவர் பிறந்த உத்தமதானபுரம். ஊர்ப் பெருமையே ஒரு ராஜாவின் மறதியில் தொடங்குகிறது.

1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைக்கிறது. சம்பளம் மாதம் 50 ரூபாய். அதுவரை அப்பாவின் கடனும் அடுத்த வேளைக் கவலையுமாக ஊர் ஊராக அலைந்த குடும்பம் அது. அதையெல்லாம் படித்துவிட்டு அந்த 50-ஐப் பார்க்க வேண்டும். தொகையைச் சொல்வதும் உணர்ச்சியைச் சொல்வதுதான் என்று எனக்குப் பட்டது.

அதே வருஷம் அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தேன் என்றால் அசந்துவிடுவார் என்று நினைத்தால், முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று வரிசையாக ஒப்பிக்கிறார். இதனால் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இல்லை. இல்லை.

இதை யார் எழுதுகிறார்? 1887-ல் அதே சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர். அறுபது வருஷம் கழித்து, தேதி, கிழமையோடு, தான் சிறுத்துப் போன நாளை வாசலில் கோலம் மாதிரி போட்டு வைத்திருக்கிறார். மறைத்திருந்தால் கேட்க ஆளில்லை. 1942 ஏப்ரல் 28-ல் அவர் காலமானபோது சரித்திரம் பாதியில் நின்றது. 122 அத்தியாயம். 1950-ல் புத்தகமாக வந்தது.

அப்புறம்தான் என் கதைக்கு வந்தேன். மாட்டுங்கா என்று மகளிடம் சொன்னது பொய்யில்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப். பின்னால் வரும் இரண்டு வார்த்தையை நாற்பது வருஷமாக விழுங்கி வருகிறேன். மாட்டுங்கா என்றதும் எல்லோரும் கிங்ஸ் சர்க்கிள், பூக்கடை, ஃபில்டர் காபி என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்தமாட்டேன் :-) லேபர் கேம்ப் என்றால் தாராவி. திருநெல்வேலிக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தோல் வேலைக்கு வந்து இறங்கிய இடம். அப்பாவும் தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தார். சாயங்காலம் குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் அந்த வாடை போகாது.

நாலாவது படிக்கும்போது எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று டீச்சரிடம் சொன்னேன். அப்பா அன்றைக்கு ஐந்து நிமிட நடையில் வேலையில் இருந்தார்.

போன ஞாயிறு இதை மகளிடம் சொன்னேன், அப்பாவும் ஹாலில் இருக்கும்போதே. மகள் எழுதிக்கொண்டே, "எவ்வளவு தண்ணில குளிப்பீங்க தாத்தா?" என்றாள். ஒரு குடம் இருக்கும் என்று நான் முந்திக்கொண்டேன்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணு இல்லலே, ரெண்டு. பரிசு அன்னைக்கு மூணு. நீ வந்து கூப்பிடுவன்னு பகலிலேயே குளிச்சிட்டு நின்னேன்."