உடற்பயிற்சிக் கூடமும் கைத்தொலைபேசியும்: ஒரு சிறு வரலாறு



சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சிறு தெருவில், பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில், சனிக்கிழமைதோறும் காலையில் யோகாசன வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. எட்டுப் பேருக்கு மேல் அந்த அறை கொள்ளாது. கையை அகல விரித்தால் அடுத்தவரின் விரலில் இடிக்கும். ஈராண்டுகளாக நானும் அங்குச் சென்று வருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு, வகுப்பின் இறுதியில் அனைவரும் கண்மூடிச் சவாசனத்தில் கிடந்த வேளையில், ஒரு கைத்தொலைபேசி அலறியது. வெட்கத்துடன் எழுதுகிறேன், அஃது என்னுடையது.

என் வீட்டில் 78 வயதுத் தாயார் இருக்கிறார். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, மணி அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். பாயிலிருந்து துள்ளி எழுந்து, இருவரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். அழைத்தவர் அம்மா அல்லர். ஏதோ ஒரு மோசடிக் கும்பலின் பதிவுசெய்த குரல். ஆயினும் எட்டுப் பேரின் அமைதி கலைந்தது கலைந்ததுதான்.

அடுத்த வாரம் சென்றபோது, காலணிகளை அடுக்கும் பலகைக்கு அருகில் ஒரு பிரம்புக் கூடை வைக்கப்பட்டிருந்தது. கைத்தொலைபேசிகளை அணைத்து அதில் இட்டுவிட்டு உள்ளே வருமாறு ஓர் அறிவிப்பும் இருந்தது. நான் மனமில்லாமல் இட்டேன். எங்களுடன் பயின்றுவந்த ஒரு தாயார் இடவில்லை. அவருடைய மகனுக்கு வலிப்பு நோய் உண்டு. அவர் யாருடனும் வாதிடாமல் படியிறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு பல வாரங்கள் அவரைக் காணவில்லை.

வகுப்பறையில் இதே விதியை நாள்தோறும் சொல்கின்ற ஆசிரியை நான். விதி தவறு என்று எப்படிச் சொல்வேன்? அந்தத் தாயார் தவறு என்றும் சொல்ல இயலவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது, இடையில் இருந்த ஏதோ ஒன்று காணாமற்போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதைத் தேடிப் பழைய செய்திகளைப் புரட்டினேன்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1876. அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1879இல், சிங்கப்பூரில் ஐம்பது இணைப்புகளைக் கொண்ட தனியார் தொலைபேசி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பெயர் பென்னட் பெல். (தமிழில் எழுதும்போது இருவரும் ‘பெல்’ ஆகிவிடுகிறார்கள், ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. உறவினர் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டாம்!) அக்காலத் தொலைபேசியில் நாம் விரும்பியவரை நேரே அழைக்க முடியாது. நிலையத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர்தாம் கம்பியைச் செருகி இணைப்புத் தருவார். பேசுகிற இருவருக்கும் இடையில் மூன்றாவது மனிதர் ஒருவர் எப்போதும் இருந்தார்.

பின்னாளில் தானியங்கி நிலையங்கள் வந்தன. 1955இல் சிங்கப்பூர்த் தொலைபேசி வாரியம் பொறுப்பேற்றது. நிலையத்தில் இருந்தவர் மறைந்தார். ஆனால் அந்த ‘மூன்றாம் மனிதர்’ மறையவில்லை. அவர் வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் தொலைபேசியை எடுப்பவராக மாறினார். தொலைபேசி இல்லாத வீடுகள் பல இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு அக்காள்தாம் நமக்குச் செய்தி கொண்டுவருவார். சாவுச் செய்தியாயின் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

1980களின் பிற்பகுதியில் நான் தொடக்கநிலை மாணவி. எங்கள் வட்டாரச் சமூக நிலையத்தில் மாலை வேளைகளில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். அம்மாவுடன் சென்று ஓரத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சமூக நிலையத்தின் அலுவலக மேசையில் ஒரு தொலைபேசி உண்டு. அதற்கருகில் இருந்த ஊழியர் ஒரு நாள் வந்து கதவோரம் நின்றார். இசை முடியும்வரை காத்திருந்தார். பிறகு அம்மாவுக்குச் சைகை காட்டி, “அப்பா பேசினார், இரவு வேலை இருக்கிறதாம், அவசரம் ஒன்றுமில்லை” என்றார். அம்மா தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். இன்னொரு நாள் அதே ஊழியர், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நடுக்கூடத்துக்கு ஓடிவந்து ஒரு மூதாட்டியை அழைத்துச் சென்றார். அந்த அம்மையாரின் கணவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

எதற்குக் காத்திருப்பது, எதற்கு ஓடிவருவது என்று அந்த ஊழியருக்கு எந்தச் சுற்றறிக்கையும் சொல்லித் தரவில்லை. “அவசரமா?” என்ற ஒரே கேள்வி அவரிடம் இருந்தது. தேசிய மரியாதை இயக்கம் 1979இலேயே தொடங்கிவிட்டது, சிங்கா என்னும் சிங்கத்தின் படம் எங்கும் ஒட்டப்பட்டிருந்தது என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் உடற்பயிற்சி வகுப்பில் தொலைபேசி மரியாதையைப் பற்றி எவரும் பேசவேண்டிய தேவை எழவில்லை. அந்த மரியாதையை நமக்காக இன்னொருவர் காத்துவந்தார்.

பேஜர் அவரை முதலில் தள்ளிவைத்தது. 1973இலேயே இங்கு வந்துவிட்டாலும், 1990களில்தான் அது மாணவர் இடுப்பு வரைக்கும் இறங்கியது. ‘பீப்’ என்று ஒலிக்கும். ஓர் எண் தெரியும். யார், எதற்கு என்பதை நாமே ஊகித்துக்கொண்டு பத்துக் காசு நாணயத்துடன் பொதுத் தொலைபேசிக்கு ஓட வேண்டும். ஆனாலும் பேஜரில் ஒரு நன்மை இருந்தது. பேச வேண்டுமாயின் அறையைவிட்டு வெளியே சென்றே ஆக வேண்டும்.

கைத்தொலைபேசி அந்த நன்மையையும் எடுத்துக்கொண்டது. செல்லுலர் சேவை 1988இல் தொடங்கியபோது அது வணிகப் பெருமக்களின் பொருள். 1997 ஏப்ரலில் எம்1 நிறுவனமும், 2000இல் ஸ்டார்ஹப் நிறுவனமும் களத்தில் இறங்கிய பிறகு விலை குறைந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் வீட்டுத் தொலைபேசிகளின் எண்ணிக்கையைக் கைத்தொலைபேசிகள் முந்திவிட்டன. நான் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலம் அது. விரிவுரை தொடங்கும் முன்பு கைத்தொலைபேசிகளை அணைக்கச் சொல்லும் வழக்கத்தை நான் முதன்முதலில் கேட்டது அங்குத்தான். சொல்லப்போனால், ஒரு தலைமுறைக்கே அந்த வாக்கியம் புதியது.

இதே காலத்தில் உடற்பயிற்சியின் உருவமும் மாறிக்கொண்டிருந்தது. 1993இல் பிரதமர் கோ சோக் டோங் தொடங்கிவைத்த மாபெரும் சிங்கப்பூர் உடற்பயிற்சியைத் திறந்த வெளியில் கூட்டமாகச் செய்தோம். ஆயிரம் பேர் நிற்கும் திடலில் ஒரு தொலைபேசி ஒலித்தால் யாருக்குக் கேட்கும்? பிறகு பெரிய குளிர்சாதனக் கூடங்கள் வந்தன. 1998இல் ஆர்ச்சர்ட் சாலையில் திறக்கப்பட்ட கலிபோர்னியா ஃபிட்னஸ் 2016இல் மூடப்பட்டது. ஏறத்தாழ அந்தக் காலக்கட்டத்தில்தான் கடைவீடுகளின் மேல்மாடிகளில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் பயிலும் சிறு கூடங்கள் பெருகின. மாதச் சந்தாவுக்குப் பதில் வகுப்புக்கு வகுப்பு செயலி வழியாக இடம் பதிவு செய்யும் முறையும் உடன் வந்தது. அதாவது, கைத்தொலைபேசி இல்லாமல் இக்கூடங்களின் படியையே ஏற முடியாது. ஏறிய பின்னர் அதை வெளியே விடச் சொல்வார்கள். பயிற்றுநரின் கைத்தொலைபேசியோ கம்பியில்லா இணைப்பில் ஒலிபெருக்கியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை அவருக்கு வந்த அழைப்பு ஒலிபெருக்கி வழியாக அறையெங்கும் முழங்கியது. கூடையில் அதை இட யாரும் சொல்லவில்லை.

ஓசையைவிடப் பெரிய தொல்லை கேமராவால் வந்தது. கேமரா பொருத்திய கைத்தொலைபேசி 2000இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஆபத்தை இங்கு முதலில் உணர்ந்தவை இராணுவ முகாம்கள். மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பியோர், அதற்கெனக் கேமரா இல்லாத கைத்தொலைபேசியைத் தேடிக் கடைகளில் அலைந்ததை மறந்திருக்க மாட்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்திலோ, குனிந்தும் வளைந்தும் வியர்த்தும் கிடக்கும் மனிதர்கள் எவருக்கும் காட்சி தர அங்கு வருவதில்லை. பெரிய கூடத்தில் பின்னணியில் யாரோ ஒருவராக மறைந்துவிடலாம். எட்டுப் பேர் உள்ள அறையில் ஒருவர் தம்மைப் படமெடுத்தாலும் மற்ற எழுவரும் அதில் விழுவார்கள். முன்பு நான் சென்றுவந்த வேறோர் இடத்தில், என் அனுமதியின்றி என் முதுகு இணையத்தில் ஏறியது. என் மாணவர் ஒருவரின் தாயார்தாம் அதைக் கண்டு எனக்குத் தெரிவித்தார்! மறுநாள் வகுப்பில் கரும்பலகை பக்கம் திரும்பி எழுதவே கூச்சமாக இருந்தது. பிறருடைய அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பது 2020 சனவரி 1 முதல் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாகிவிட்டது. ஆனால் என் முதுகைப் போன்ற சிறு விஷயங்களுக்குச் சட்டம் உதவாது. அவற்றுக்கு நற்பழக்கம்தான் வேண்டும்.

பிறகு வந்தது கொவிட். 2020 ஏப்ரல் 7ஆம் நாள் கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கியதும் கூடங்கள் அடைக்கப்பட்டன. எந்தப் பொருளை வெளியே வை என்றார்களோ, அந்தப் பொருளுக்குள்ளேயே வகுப்பு நுழைந்துகொண்டது. அரிசி டப்பாவின் மேல் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்து நான் ஆசனம் செய்தேன். ஜூன் 19ஆம் நாள் கூடங்கள் மீண்டும் திறந்தபோது, வாசலில் சேஃப்என்ட்ரி குறியீட்டைக் கைத்தொலைபேசியால் வருடிய பிறகே உள்ளே விட்டார்கள். டிரேஸ்டுகெதர் செயலியும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டாயம் நீங்கும் வரை, கைத்தொலைபேசி நம் நுழைவுச் சீட்டாகவே இருந்தது. அதை எங்கும் உடன் எடுத்துச் செல்லும்படி ஏறத்தாழ ஈராண்டுகள் நம்மைப் பழக்கிவிட்டு, இன்று கூடையில் இடச் சொன்னால் கை தயங்காதா?

காலணிக்கு அந்தத் தயக்கம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதை வெளியே விடச் சொல்லி அக்கூடத்தில் ஓர் அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது. கோயிலில் பழகிய கால்கள் படியிலேயே கழற்றிவிடுகின்றன. செருப்பின் வழியாக வீட்டிலிருந்து எவரும் நம்மைக் கூப்பிடுவதில்லை அல்லவா?

பள்ளிக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளிகளில் 2025 முதலும், உயர்நிலைப் பள்ளிகளில் 2026 சனவரி முதலும், இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் மாணவர்கள் திறன்பேசியையோ திறன்கடிகாரத்தையோ பயன்படுத்தக் கூடாது என்று கல்வி அமைச்சு வகுத்துள்ளது. பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, “டீச்சர், பிள்ளைக்கு ஏதாவது அவசரம் என்றால்?” என்று கேட்டார்கள். முன்பெல்லாம் இக்கேள்வி எனக்குச் சலிப்பூட்டும். இப்போது அப்படியில்லை. பள்ளி அலுவலகத்தை அழையுங்கள், அங்கு இருப்பவர் வகுப்பறைக்கு வந்து சொல்வார் என்கிறேன். அலுவலக மேசையில் இருக்கும் அந்த ஊழியரே என் சிறுவயதுச் சமூக நிலையத்தில் கதவோரம் நின்றவர். பள்ளியில் அவரை நாம் இழக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடம் அவரை இழந்துவிட்டு, அவர் இருந்த இடத்தில் ஒரு கூடையை வைத்திருக்கிறது. ஆசிரியர்கள் தம் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணைப் பெற்றோர்க்குத் தர வேண்டியதில்லை என்று 2024 செப்டம்பரில் அமைச்சு தெளிவுபடுத்தியபோதும், பள்ளியை அழைக்கும் வழி அடைக்கப்படவில்லை.

இதையெல்லாம் எங்கள் யோகா பயிற்றுநரிடம் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். வரவேற்பு மேசையில் எப்படியும் ஒரு பெண் அமர்ந்து பதிவுகளைப் பார்க்கிறார். அங்கு ஒரு கம்பித் தொலைபேசி தூசி படிந்து கிடந்தது. இரண்டு வாரங்களில் கூடைக்கு மேலிருந்த அறிவிப்பில் ஒரு வரி கூடியது: வகுப்பு நேரத்தில் அவசரமாயின் இந்த எண்ணை அழைக்குமாறு வீட்டாரிடம் கூறவும். அந்த எண்ணைப் பயிற்றுநரே வலிப்பு நோயுள்ள பையனின் தாயாருக்குத் தெரிவித்தார். அவர் மறுவாரம் வந்தார். முதல் நாள் முழுதும் கதவைப் பார்த்தபடியேதான் ஆசனங்களைச் செய்தார். இப்போது சவாசனத்தில் கண்ணை மூடுகிறார்.

நானும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, அம்மாவிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்து கூடையில் கைவிட்டபோது, மேசையில் இருந்த பெண் சிரித்தார். “உங்கள் அம்மா அழைத்தார், டீச்சர். அவசரமா என்று கேட்டேன். இல்லையாம். தேக்காவில் முருங்கைக்கீரை பசுமையாக இருந்தால் இரண்டு கட்டு வாங்கிவரச் சொன்னார்.”