சம்பளமும் சௌகரியமும்



கை நிறையச் சம்பளம் வருகிறது. மாதக் கடைசியில் மிச்சம் ஒன்றும் இல்லை. அரசு அலுவலரும் வங்கி ஊழியரும் கணிப்பொறித் தொழிலில் அமர்ந்த இளைஞரும் இன்று ஒரே குரலில் இப்படிக் கூறுகின்றனர். திருவண்ணாமலைத் தேரடி வீதியில் காய்கறி வாங்க நின்றாலும் இப்பேச்சே காதில் விழுகிறது. உயர்ந்த சம்பளம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சௌகரியமான வாழ்வை இன்னும் வாங்கித் தருமா என்று கேட்பவர்கள், முன்பு அந்த வாழ்வைத் தந்தது சம்பளந்தானா என்றும் கேட்க வேண்டும்.

சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தே சம்பளம் என்ற சொல் பிறந்தது என்பாருளர். இச்சொற்பிறப்பை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பணிக்குக் கூலியாக நெல்லளந்த வழக்கம் கல்வெட்டிலே உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்தான். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி. ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 நாழி நெல். இது எத்தனை பேர் உண்ணப் போதும்? இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியில், இளைய மாணவர் 270 பேருக்கு ஆளுக்கு நாள்தோறும் 6 நாழி நெல் ஒதுக்கப்பட்டது. இரண்டு ஊர் அளவையும் ஒன்றெனக் கொண்டால், ஒருவர் ஊதியத்தில் நால்வர் உண்ணலாம். குடியிருக்க வீடோ தனியே உண்டு. மழை பொய்த்தால் வேறு கதை. சந்தையில் நெல் விலை ஏறியதால் மட்டும் அக்குடும்பத்தின் அடுப்பு அணையாது.

வெள்ளையர் ஆட்சியில் ஊதியம் முழுதும் நாணயமாயிற்று. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையருக்குச் சம்பளம் மாதம் 50 ரூபாய். 1912-ல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் குமாஸ்தாவான கணித மேதை இராமானுசனுக்கு 30 ரூபாய். அந்நாளில் ஆங்கிலப் பொன் நாணயமான சவரன் ஒன்றுக்கு 15 ரூபாய் என்பது சட்டம் வகுத்த மதிப்பு. எனவே அந்தச் சிறு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் இரண்டு சவரன்! 2025 ஏப்பிரலில் ஒரு சவரன் ஆபரணத் தங்கத்தின் விலை 70,000 ரூபாயைக் கடந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இராமானுசன் இன்று மாதம் 1,40,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்.

ஆனால் தங்கம் காட்டும் இக்கணக்கில் பெரிய ஏமாற்று உண்டு. 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய கடிதத்தில், ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே ஊதியமுள்ள எழுத்தன் என்று இராமானுசன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். (மாதம் 30 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 பவுன் வரவேண்டும். வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.) அடுத்த கடிதத்திலோ தாம் அரைப்பட்டினியில் இருப்பதாகவே எழுதினார். காகிதத்துக்குச் செலவிட இயலாமல் சிலேட்டிலே கணக்குப் போட்டவர் அவர். பொன்னால் அளந்தால் செல்வர். சோற்றால் அளந்தால் ஏழை.

நாணயச் சம்பளத்தின் பலவீனம் இரண்டாம் உலகப் போரில் வெளிப்பட்டது. 1942-ல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. விலைகள் ஏறின, ரேஷன் வந்தது. சென்னை இராச்சியத்தில் உணவுக் கட்டுப்பாடு 1952-ல் இராசாசி முதலமைச்சராய் இருந்தபோதுதான் நீங்கியது. இதற்கிடையே கூடிய முதல் மத்திய ஊதியக் குழு, 1947-ல் கடைநிலை ஊழியருக்கு விதித்த தொகை 55 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 30. எஞ்சிய 25 பஞ்சப்படி. பஞ்சப்படி என்னும் பெயரைக் கவனியுங்கள். நெல்லளந்த காலத்துப் பாதுகாப்பைக் காகிதப் பணத்திலே மீட்டுத் தரும் முயற்சியே அது.

அந்த முயற்சி, சோற்றைப் பொறுத்தவரை, பெரிதும் வென்றுவிட்டது என்பது என் கருத்து. 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் குறைந்த சம்பளம் 18,000 ரூபாய். 1999-2000-ல் இந்திய நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு நூற்றுக்கு 48. 2022-23-ல் ஏறத்தாழ 39. வருமானம் உயர உயர உணவின் பங்கு குறையும் என்று 1857-லேயே செருமானியப் புள்ளியியலறிஞர் ஏங்கல் கூறியதும் இதுவே. அரிசிக்காகவும் வேட்டிக்காகவும் கடன் வாங்கும் சம்பளக்காரர் இன்று அரியர்.

அப்படியாயின் கடன் எதற்கு? வீட்டுக்கு, பள்ளிக்கு, மருத்துவத்துக்கு. பஞ்சப்படியைக் கணிக்க உதவும் 2016 அடிப்படை விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கு நூற்றில் 39 பங்குக்கு மேல் உண்டு. வீட்டுக்கு 17-க்கும் சற்றுக் குறைவு. அதுவும் வாடகையே, மனை வாங்கும் விலை அதில் ஏறாது. எங்கள் ஊரோ 1989-ல் மாவட்டத் தலைநகராயிற்று, 2024-ல் மாநகராட்சியாயிற்று. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் வலம் வருவோர் கூட்டம் பெருகியது. சென்னையாரும் பெங்களூராரும் கடல் கடந்தாரும் மலையடிவாரத்தில் இடம் தேடலாயினர். இங்கே மனைக்கு விலை பேசும் பள்ளியாசிரியருக்குப் போட்டியாக நிற்பவர் மற்றோர் ஆசிரியரல்லர். இவ்வூரில் சம்பாதிக்காத பணத்தோடு வருபவர். எத்தனை ஊதியக் குழு கூடினும் அந்த இடைவெளி நிரம்புமா என்பது ஐயமே.

பள்ளியும் அவ்வாறே. காமராசர் ஆட்சியில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி இலவசமான பின், தாசில்தார் மகனும் தறிநெய்வார் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்ததுண்டு. தாசில்தாருக்கு அதில் கிடைத்த மிச்சம் அவர் சம்பளப் பட்டியலில் எழுதப்படாத வருமானம். பின்னாளில் நடுத்தர வகுப்பார் தாமாகவே அப்பெஞ்சை விட்டெழுந்து கட்டணப் பள்ளியை நாடினர். அக்கட்டணங்களை ஒழுங்குபடுத்த 2009-ல் தமிழக அரசு தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தபோது என் தந்தையார் கேட்ட முதற் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பதன்று. பென்ஷன் உண்டா என்பதே. 2003 ஏப்பிரல் முதல் நாளுக்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. அதனால் முதுமைக்கான சேமிப்பும் மாதச் சம்பளத்தின் தலையில் ஏறியது.

பழைய சௌகரியத்தைப் பொற்காலமெனப் பாடவும் நான் ஒருப்படேன். பாத்திரம் துலக்கியவளுக்கும் வயலில் களை பறித்தவளுக்கும் மிகக் குறைவாகக் கொடுத்ததும், வீட்டுப் பெண்கள் ஊதியமின்றி உழைத்ததும் அதன் அடித்தளமாய் இருந்தன. அவர்கள் கூலி உயர்ந்தது நியாயம். அதனால் நம் மாதக் கணக்கு இறுகுமாயின் இறுகட்டும்.

1958-59-ல் மத்திய அரசு 45 நகரங்களில் நடுத்தரக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து, உடலுழைப்பல்லாத நகர்ப்புற ஊழியருக்கெனத் தனிக் குறியீடொன்றை, 1960-ஐ அடிப்படையாக வைத்து, கணித்து வந்தது. பின்னர் நகர மக்கள் அனைவருக்குமான பொதுக் குறியீடு வந்தது; அந்தத் தனிக் கணக்கு நின்றுபோயிற்று. தேரடி வீதியில் அங்கலாய்ப்பவரின் பையில் எது எவ்வளவு குறைகிறது என்பதைத் தனியே எழுதிவைக்கும் ஏடு இன்று அரசிடம் இல்லை.