எய்ட்ஸ் நோயின் தொற்றுவழி தெளிந்த வரலாறு

ஒரு நோய் யாருக்கு வருகிறது என்று அறிவது வேறு, எவ்வழியாக வருகிறது என்று அறிவது வேறு என்பது வைத்திய சாஸ்திரத்தின் பாலபாடமாயினும், எய்ட்ஸ் நோயின் விஷயத்தில் உலகம் அப்பாடத்தை மறந்து, பின்பு மிகுந்த சிரமத்தோடு மீண்டும் கற்றுக்கொண்டது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையன்றிப் பிறரை எளிதில் அணுகாத ஓர் அபூர்வமான நுரையீரல் அழற்சி கண்டிருப்பதாகச் செய்தி வெளியாயிற்று. ஐவரும் ஓரினச் சேர்க்கை வழக்கமுடையவர்கள். ஆகவே நோயின் காரணமே அவ்வழக்கத்தில் அடங்கியிருப்பதாகப் பலர் முடிவு கட்டினர். கேளிக்கைக் கூடங்களில் முகரப்பட்ட நைட்ரைட் ஆவியின்மேல் பழி சுமத்தியவர்களும் உண்டு. நோய்க்கு வழங்கிய முதற் பெயர்களுள் ஒன்றிலேயே அந்தச் சமூகத்தின் முத்திரை ஏறிவிட்டது.

இந்த அநுமானத்தைக் குலைத்தது இரத்தம். 1982 ஜூலையில், ஹீமோபீலியா என்னும் இரத்தம் உறையாப் பிணியுடைய மூவருக்கு அதே அழற்சி கண்டதாக அறிவிக்கப்பட்டது. அப்பிணியாளர்கள் அக்காலத்தில் ஏற்றிக்கொண்ட உறைகாரணி மருந்தோ, ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவும் பூஞ்சையும் தங்கிவிடும்படி நுண்ணிய வடிகட்டிகளில் செலுத்தித் தயாரிக்கப்பட்டது. அவ்வடிகட்டியையும் கடந்து வந்தது எதுவோ அது வைரஸாகவே இருக்கவேண்டும் என்ற தர்க்கம், அந்தக் கிருமியை ஒருவரும் கண்ணால் காணாத காலத்திலேயே, பிரத்தியட்சத்துக்கு நிகரான பலத்தைப் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் இரத்தம் ஏற்றப்பட்ட சான்பிரான்சிஸ்கோக் குழந்தையொன்றும், 1983 தொடக்கத்தில் நோயுற்ற ஆடவரின் மனைவியரும் துணைவியரும் கணக்கில் சேர்ந்தனர். காற்று, நீர், உணவு, சாதாரண ஸ்பரிசம் ஆகியவற்றால் இது பரவுவதில்லை என்பதை நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1983 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்த வாக்கியம் ஜனங்களின் செவியில் ஏறுவதற்குத்தான் எத்தனை ஆண்டுகள்! அதே ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பாரே-சினூசியும் மோந்தான்யேயும் வைரஸைப் பிரித்தெடுத்திருந்தனர். 1985இல் இரத்தத்தைச் சோதிக்கும் எலிசா முறை அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அச்சோதனை தமிழகத்துக்கு வந்த வரலாறு தனிச் சுவையுடையது. இது அந்நிய நாட்டு வியாதி, நம் ஒழுக்கமே நமக்குக் கவசம் என்ற அபிப்பிராயம் இங்கே மேலோங்கியிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு இதனையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, சீரத்தை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் இரவு ரயிலேறி வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதிசெய்தது. மாநிலச் சுகாதார அமைச்சர் ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. சோதிக்கப்பட்டவர்கள் அப்பெண்கள், அவர்களிடம் வந்துபோன ஆடவரை எவரும் சோதிக்கவில்லை. ஆயினும் பழி முழுவதும் சோதிக்கப்பட்டவர்மேலேயே விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸில் நேர்ந்த பிழை கூவக்கரையில் வேறு வேஷம் பூண்டு வந்ததென்றே கொள்ளலாம். சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தை நாடிவந்த பெண்களுள் பெரும்பான்மையோர், கணவனையன்றி வேறு ஆடவரை அறியாத இல்லத்தரசிகளே என்று பின்னர் வெளியான ஆய்வு காட்டியபோதுதான், ஒழுக்கக் கவசம் பற்றிய பேச்சு சற்றே தணிந்தது.

வழி இன்னதென்று தெளிந்தபின் அதனை அடைக்கும் உபாயமும் கைகூடிற்று. கர்ப்பிணிக்கும் சிசுவுக்கும் ஏ.இசட்.டி. மருந்து கொடுத்ததில், தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்ததை 1994ஆம் ஆண்டின் ஆய்வொன்று நிறுவியது. 2011இல், ஒன்பது நாடுகளில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 தம்பதியரிடம் நடந்த ஆராய்ச்சியில், தொற்றுள்ளவர் தாமதமின்றி மருந்துண்டால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று புலனாயிற்று. அத்தம்பதியரைச் சேர்த்துக்கொண்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று.