‘இது என்னுடையது இல்லை!’

கிட்னி மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகள் டாக்டரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘‘ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே... இந்த மாத்திரையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு சார்?’’

‘‘ஆயுசுக்கும்!’’ என்பார் டாக்டர்.

கேட்டவர் முகம் வாடிப்போகும். ஆனால், அந்த ஒரு வார்த்தைப் பதிலைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகம் பட்ட பாடு இருக்கிறதே... அது பெரிய கதை!

1894. பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி ஸாடி கார்னோ, லியான் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அறுந்துபோனது. அதைத் தைக்கும் வித்தை அன்றைக்கு எந்த டாக்டருக்கும் தெரியாது. ஜனாதிபதி இறந்துபோனார்.

அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கேரல் என்ற இளைஞரை இந்தச் சம்பவம் உலுக்கியது. துணியில் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் போய், மெல்லிய ஊசியும் பட்டு நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார் அவர். ரத்தக் குழாய்களை ஒழுகாமல் தைக்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு!

தைக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன, உறுப்பை மாற்ற வேண்டியதுதானே? கேரல் விலங்குகளிடம் செய்து பார்த்தார். ஒரு நாயின் கிட்னியை வெளியே எடுத்து அதே நாய்க்குத் திரும்பப் பொருத்தினால் வேலை செய்தது. வேறு நாயின் கிட்னியை வைத்தால்? சில நாட்களில் கெட்டுப்போனது. தையலில் ஒரு குறையும் இல்லை. பின்னே எது கெடுத்தது? கேரலுக்குப் புரியவில்லை.

1933-ல் உக்ரைனில் வோரோனாய் என்ற சர்ஜன், இறந்தவரின் கிட்னியை முதன்முறையாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார். ரத்தப் பிரிவே பொருந்தவில்லை. இரண்டே நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார்.

இத்தனைக்கும் 1905-லேயே ஒரு மாற்று சிகிச்சை ஜெயித்திருந்தது. அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்த ஓலமூட்ஸ் நகரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற கண் டாக்டர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன தொழிலாளிக்கு, ஒரு சிறுவனின் கருவிழியை வைத்துத் தைத்தார். பார்வை வந்துவிட்டது! கண் ஒப்புக்கொள்கிறது, கிட்னி ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

விடை இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கிடைத்தது. பிரிட்டனில் குண்டுவீச்சில் தீக்காயம் பட்டு வந்தவர்களுக்கு ஒட்டுவதற்குத் தோல் தேவைப்பட்டது. அடுத்தவர் தோலை ஒட்டினால் சில நாட்களில் கழன்று விழுந்தது. அதை ஆராய நியமிக்கப்பட்டவர் பீட்டர் மெடவார்.

கிளாஸ்கோவில் ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் அழிந்தது. அதே சகோதரரின் தோலை மறுபடி ஒட்டினார்கள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமே அழிந்தது! மெடவாருக்குப் பொறி தட்டியது அங்கேதான். முதல் முறை வந்த திருடனின் முகத்தைக் காவல்காரன் ஞாபகம் வைத்திருக்கிறான். அதனால்தான் இரண்டாம் முறை வாசலிலேயே மடக்குகிறான். அம்மைக் கிருமியை விரட்டுகிற அதே எதிர்ப்பு சக்திதான், ‘இது என்னுடையது இல்லை’ என்று உடன்பிறந்தவரின் தோலையும் விரட்டுகிறது!

கருவிழி தப்பித்ததற்குக் காரணமும் இதுவே. அங்கே ரத்தக் குழாய்களே கிடையாது. காவல்காரன் ரோந்து போவது குறைவு.

சரி, காவல்காரன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத ஓர் உறுப்பைக் கொடுத்தால்? 1954-ல் பாஸ்டன் நகரில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ரிச்சர்ட், ரொனால்ட் ஹெரிக்... 23 வயது இரட்டையர். ரிச்சர்டுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தர ரொனால்ட் தயார். ஆனால், நல்ல உடம்பில் கத்தி வைத்து உறுப்பை எடுப்பது அதுவரை எந்த மருத்துவ தர்மத்திலும் இல்லாத காரியம். ‘ஒரே அச்சு’ இரட்டையர்தானா என்று உறுதி செய்ய, தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கைரேகைகூட எடுத்தார்கள்! டிசம்பர் 23-ம் தேதி டாக்டர் ஜோசப் முர்ரே ஆபரேஷன் செய்தார். ரிச்சர்ட் எட்டு வருடங்கள் வாழ்ந்தார். கல்யாணமும் செய்துகொண்டார். மணமகள், ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ்!

எல்லோருக்கும் இரட்டைப்பிறவி கிடைக்குமா? மற்றவர்களுக்குக் காவல்காரனைத் தூங்க வைத்தாக வேண்டும். 1960-களில் அஸாதயோப்ரின் என்ற மருந்து ஓரளவு கைகொடுத்தது. ஆனால், ரொம்பவும் தூங்கிவிட்டால் நிஜத் திருடன் உள்ளே வந்துவிடுவானே! 1967, டிசம்பர் 3. கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் மாற்று இதயம் பொருத்தியபோது உலகமே கொண்டாடியது. நோயாளி வாஷ்கான்ஸ்கி பதினெட்டாவது நாள் இறந்தார். புது இதயம் பழுதாகி அல்ல... நிமோனியாவால்! 1968 பிப்ரவரியில் மும்பையில் டாக்டர் பி.கே.சென் முயன்றார். அந்த நோயாளி சில மணி நேரமே இருந்தார். அந்த வருடம் உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இதயங்கள் மாற்றப்பட்டன. பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை. பல ஆஸ்பத்திரிகள் ‘வேண்டாமப்பா’ என்று நிறுத்திவிட்டன.

வழி பிறந்தது, ஒரு பிடி மண்ணிலிருந்து! ஸ்விட்சர்லாந்தின் ஸாண்டோஸ் மருந்து கம்பெனி, வெளியூர் போகும் ஊழியர்களிடம் ‘கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லி வைத்திருந்தது. நார்வே மலைப்பகுதி மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது, சைக்ளோஸ்போரின். கிருமிக்கொல்லியாக அது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால், உறுப்பைத் தாக்கும் காவல்காரர்களை மட்டும் குறிவைத்து அடக்கியது. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கைவிடப்பட்ட இதய மாற்று சிகிச்சைகூட மறுபடி உயிர் பெற்றது. இன்று அதிகம் தரப்படும் டாக்ரோலிமஸும் ஜப்பானிய மண்ணில் இருந்த நுண்ணுயிர் கொடுத்ததுதான்.

நம் வேலூர் சி.எம்.சி-யில் 1971-லேயே கிட்னி மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்துவிட்டது. 1994-ல் வந்த சட்டம் உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்தது; மூளைச்சாவை மரணம் என்று ஏற்றது. அதனால்தான் இன்று, விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னி, கல்லீரல், இதயம், கருவிழி எல்லாம் முன்பின் அறியாத பலருக்குப் போய்ச் சேர முடிகிறது.

இப்போது அந்த ‘ஆயுசுக்கும்’ ஏன் என்று புரிகிறதா? மாத்திரை காவல்காரனை மயக்கத்தில்தான் வைத்திருக்கிறது. அவன் மனசை மாற்றுவதில்லை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று ஒன்றிரண்டு வருடம் கழித்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. விலையைப் பார்த்துப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. காவல்காரன் விழித்துக்கொள்வான். ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். தெரியும்போது சில சமயம் கிட்னி கைவிட்டுப் போயிருக்கும்.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. லேசான காய்ச்சல் என்றாலும் உடனே அவரிடம் ஓட வேண்டும், காவல் குறைந்த வீடு அல்லவா? பணம் பிரச்னை என்றால் அதையும் கூச்சப்படாமல் அவரிடமே சொல்லலாம். மாத்திரையை மட்டும் நாமாக நிறுத்தக்கூடாது.

அந்தக் கிட்னியை ஒரு தாயோ, தம்பியோ, முகம் தெரியாத யாரோ ஒருவரின் குடும்பமோ கொடுத்திருக்கிறது. அதை நம்மோடு வைத்துக்கொள்ள நம்மால் முடிந்தது, வேளை தவறாமல் விழுங்கும் அந்த மாத்திரைதான்.