செயற்கை முழங்காலின் ஆயுட்கணக்கு

1890-ம் ஆண்டில் பெர்லின் நகரத்து ரண வைத்தியரான தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்பவர், காசநோயால் அரிக்கப்பட்ட முழங்கால் மூட்டை நீக்கிவிட்டு, யானைத் தந்தத்தில் செய்த கீல் ஒன்றை அவ்விடத்தில் பொருத்தினார். முதலில் நன்றாகவே மடங்கி நீண்டு வைத்தியரையும் நோயாளியையும் ஒருங்கே மகிழ்வித்த அந்தத் தந்த மூட்டுகள், கிருமி ஏற்கெனவே குடிகொண்டிருந்த எலும்பிலே வைக்கப்பட்டவையாதலால், நாளடைவில் சீழ் பிடித்துக் கெட்டன. பொருத்திய அன்று காணும் வெற்றி வேறு, அது நிலைத்து நிற்பது வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதை முறையாக ஏட்டில் எழுதி வைக்கத்தான் பின்னும் எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

1951-ல் சுவீடன் தேசத்து வால்டியுஸ் மீண்டும் கீல் மூட்டையே அக்ரிலிக்கிலும், பின்னர் உலோகத்திலும் செய்தார். கதவின் கீல் ஓர் அச்சிலே மட்டும் திரும்புவது. முழங்காலோ மடங்கும்போதே உருண்டு, வழுக்கி, சிறிது திருகவும் செய்வது. அத்திருகலுக்கு இடங்கொடாத கீல், அதன் விசையையெல்லாம் எலும்புக்குள் இறக்கிய தண்டின்மேல் தள்ளவே, தண்டு தளர்ந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி 1962-ல் இடுப்பு மூட்டுக்கென்று கையாண்ட உபாயம், அதாவது உலோகம் பாலிஎத்திலீன்மேல் வழுக்க, இரண்டையும் அக்ரிலிக் சிமெண்டு எலும்போடு பிணைத்து நிறுத்தும் உபாயம், அவரிடம் பணிபுரிந்த கனடா நாட்டு கன்ஸ்டன் வழியாக முழங்காலுக்கும் வந்தது. 1974-ல் நியூயார்க்கில் இன்சால், ரணாவத், வாக்கர் ஆகியோர் உருவாக்கிய மூட்டிலோ கீலே கிடையாது. எலும்பு முனைகளுக்கு உலோகமும் பாலிஎத்திலீனும் மேற்பரப்பாக அமைய, இரு பக்கத்துத் தசைநார்களே மூட்டைத் தாங்கின. இன்றைய மூட்டுகளில் பெரும்பாலானவை அதன் சந்ததிகள். 2000-லும் 2001-லும் பிரதமர் வாஜ்பாயியின் இரு முழங்கால்களுக்கும் மும்பையில் சிகிச்சை செய்தவர் இந்த ரணாவத்தே.

ஆயினும், என் அபிப்பிராயத்தில், இத்துறையின் பெருங்காரியம் நடந்தது ஆபரேஷன் மேஜையில் அன்று; 1975-ல் சுவீடனின் லுந்து நகரிலே பேராசிரியர் யோரான் பவுவர் முதலியோர் தொடங்கிய ஒரு பதிவேட்டில். அந்நாட்டில் ஒவ்வொரு பிரஜைக்கும் தனி எண் உண்டாதலால், ஓர் ஊரில் பொருத்திய மூட்டை வேறோர் ஊரில் வேறொருவர் கழற்றினாலும் அச்செய்தி ஏட்டில் ஏறிற்று. நோயாளி திரும்பி வராததையே தம் திறமைக்கு அத்தாட்சியாகக் கொண்டிருந்த வைத்தியர் எவருக்கும் அது கசப்பான சாட்சியமாகவே இருந்திருக்கும். இரண்டாம் முறை கத்தி படாதவரெல்லாம் சுகமாயிருக்கிறார் என்று ஏடு கொள்வது நியாயமா என்ற சந்தேகமும் எழாமலில்லை. 1997-ல், உயிரோடிருந்த நோயாளிகளுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டபோது, மறு சிகிச்சை பெறாதவர்களிலும் 100-க்கு 8 பேர் தமக்குத் திருப்தியில்லை என்றார்கள். பிற்காலத்தில் வேறு தேசங்களில் விசாரித்தவர்களுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்ற விடையும் கிடைத்தது. வலி தீராதவரும் ஏட்டின்படி வெற்றியே!

ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிப்பட்ட குறைகளும் உண்டு. காற்றுப்பட்ட நிலையில் காமா கதிரால் சுத்தி செய்யப்பட்ட பாலிஎத்திலீன், பிராணவாயுவோடு கூடி மெல்ல மெல்ல நொய்ந்து உதிர்ந்தது. அத்துகள்களை விழுங்க வந்த உயிரணுக்களின் தூண்டுதலால் சுற்றியிருந்த எலும்பும் கரைந்தது. பின்னர் பிராணவாயு புகாதபடி சுத்தி செய்யும் முறைகள் வந்தன.

ஆஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியான கணக்கின்படி, முழு மூட்டு மாற்றங்களில் 100-க்கு 82 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. ஆனால் இந்தச் சராசரியை எல்லோரும் தமக்கென்று எடுத்துக்கொள்வதற்கில்லை. பிரிட்டனில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆயுளில் மறு சிகிச்சை நேரும் வாய்ப்பு 100-க்கு 5 அளவாயிருக்க, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35 என்று கண்டார்கள். இளையவர் மூட்டின்மேல் அதிகம் நடக்கிறார், அதற்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்கிறார். ஐம்பது வயதில் வலியோடு வருபவரை, மருந்தும் பயிற்சியும் எடை குறைப்பும் பயன்படும் வரையில் பொறுத்திருக்கும்படி வைத்தியர்கள் வற்புறுத்துவது இக்காரணத்தால்தான்.